ஐந்து இலக்க மீட்டர்: அமெரிக்கப் பிக்கப்பும் அதன் பழைய ஓனர்களும்

அமெரிக்காவின் பழைய வண்டி விற்பனை விளம்பரங்களைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வாங்கும் எண்ணமெல்லாம் கிடையாது, சும்மா படிப்பேன். அதில் 1970-களின் பிக்கப் வண்டிகளுக்குக் கீழே ஒரு குறிப்பு அடிக்கடி வரும்: மீட்டர் இத்தனை ஆயிரம் மைல் காட்டுகிறது, உண்மையான மைல் தெரியாது. முதலில் ஏதோ ஏமாற்று வேலை, மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விஷயம் அதைவிட எளிமையானது. அந்தக் காலத்து வண்டிகளில் மைல் காட்டும் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். ஆறாவது சக்கரம் மைலில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். 99,999-க்கு அடுத்த மைலில் எல்லாமே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அப்புறம் அந்த வண்டி ஓடியது 43,000 மைலா, 1,43,000 மைலா, 2,43,000 மைலா என்று ஓனர் சொன்னால்தான் உண்டு.

யோசித்துப் பாருங்கள், அந்த மீட்டரே ஒரு வரலாற்று ஆவணம். ஒரு லட்சம் மைலுக்கு மேல் இந்த வண்டியை யாரும் பெரிதாக ஓட்டப்போவதில்லை என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மீட்டரை இரண்டு முறை, மூன்று முறை சுற்றவைத்தவர்கள் இருக்கிறார்கள். வண்டியைச் செய்தவன் நினைத்ததைவிட அதிகக் காலம் அதை வைத்துக்கொண்டு, கேட்டால் "நல்ல வண்டி சார்" என்று சொல்கிற ஓனர்கள். அவர்கள் "நல்ல வண்டி" என்று எதைச் சொல்கிறார்கள்? கொஞ்ச நாளாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

பிக்கப் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குட்டி யானையும் பொலேரோவும். அமெரிக்காவின் ஃபுல்-சைஸ் பிக்கப் வேறு ரகம். இன்றைய நான்கு கதவு ஃபோர்டு எஃப்-150 ஒன்றின் நீளம் சுமார் 19 அடி, அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமலே ஆறரை அடிக்கு மேல். இதைத்தான் அங்கே "அரை டன்" வண்டி என்கிறார்கள். ஒரு காலத்தில் அரை டன் சுமக்கும் என்ற பொருளில் வந்த பெயர். இப்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும், ஆனாலும் பெயர் மாறவில்லை. அதற்கு மேலே முக்கால் டன், ஒரு டன் என்று இன்னும் பெரிய அண்ணன்கள் உண்டு. ஃபோர்டின் 150, 250, 350 என்ற எண்களும், ஜிஎம், ராம் வண்டிகளின் 1500, 2500, 3500 என்ற எண்களும் இந்த வரிசையைத்தான் குறிக்கின்றன.

விவசாயி வெட்டிய வண்டி

பிக்கப்பை உண்மையில் எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. ஃபோர்டின் மாடல் டி கார் 1908-ல் வந்தது. அமெரிக்க விவசாயிகள் அதை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே ஒரு மரப்பெட்டியை வைத்து ஆணி அடித்துக்கொண்டார்கள். பால் கேனும் தீவன மூட்டையும் அதில் போயின. ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் சர்ச்சுக்கும் போனார்கள். இதைப் பார்த்து சின்னச் சின்னப் பட்டறைகள் பெட்டி செய்து விற்க ஆரம்பித்தன. 1917-ல் ஃபோர்டு ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி சேசிஸை விற்றது. கேபினையும் பெட்டியையும் வாங்குபவர் வேறு இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

1925 ஏப்ரலில்தான் பெட்டியோடு சேர்த்து ஃபேக்டரியிலேயே செய்த மாடல் டி பிக்கப்பை ஃபோர்டு இறக்கியது. விலை 281 டாலர். திறந்து மூடும் பின்கதவு, கனமான பின் ஸ்ப்ரிங், மரச்சட்டம் செருக நான்கு துளைகள். முதல் வருடத்திலேயே சுமார் 34,000 வண்டிகள் விற்றன.

இந்தத் தொடக்கத்தை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பிக்கப் பிறக்கும்போதே ஓனரின் கை பட்டுப் பிறந்த வண்டி. அவன் வெட்டினான், அவன் பெட்டி அடித்தான், கெட்டுப்போனால் அவனே கொட்டகையில் கழற்றி மாட்டினான். அங்கே திருப்தி என்றால் "கெட்டுப்போகாத வண்டி" என்று அர்த்தமில்லை. கெட்டுப்போகும், ஆனால் என்னால் சரி பண்ண முடியும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அடுத்த நூறு வருடக் கதை.

முந்நூறு கன அங்குல ஆறு

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, கார் சேசிஸில் இருந்து பிரிந்து லாரிக்கென்றே தனியாக வடிவமைத்த பிக்கப்புகள் வந்தன. 1947-ல் செவ்ரோலேயின் புதிய வரிசை. 1948-ல் ஃபோர்டின் எஃப் வரிசை, எஃப்-1 முதல் எஃப்-8 வரை. 1953-ல் எஃப்-1 எஃப்-100 ஆனது. 1975-ல் எஃப்-150 வந்தது. அது வந்த காரணம் கொஞ்சம் வேடிக்கை. மொத்த எடைத்தகுதி 6,000 பவுண்டுக்குக் கீழே இருக்கும் வண்டிகளுக்குப் புதிய புகை விதிகள் கடுமையாக இருந்தன. அந்தக் கோட்டைத் தாண்டி நிற்க, அரை டன்னைவிடக் கொஞ்சம் கனமாக ஒரு வண்டி. அதுதான் 150. 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை எஃப் வரிசைதான்.

இந்த வண்டிகளை நீண்டகாலம் வைத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெயிண்ட், சீட், ரேடியோ பற்றியெல்லாம் சொல்ல மாட்டார்கள். எஞ்சினைத்தான் சொல்வார்கள். அதில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பெயர், ஃபோர்டின் "300". முந்நூறு கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். 1965-ல் வந்து 1996 வரை பிக்கப்பில் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல்! பிக்கப்பில் மட்டுமல்ல, டெலிவரி வேன்களிலும் பண்ணை எந்திரங்களிலும் இதே எஞ்சின் உழைத்தது.

வேகத்தில் இது ஒன்றும் பெரிய சூரன் இல்லை. ஆனால் ஏன் நீடித்தது என்பதைப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்டை ஏழு இடத்தில் பேரிங் தாங்கும். கேம் ஷாஃப்டைச் சுற்ற செயினோ பெல்ட்டோ கிடையாது, நேரடியாகப் பல்சக்கரம்தான். அறுந்துபோக ஒன்றுமே இல்லை. குறைந்த சுற்றிலேயே இழுவிசை கிடைப்பதால் எஞ்சினைக் கதறவிட வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு இடம் இருக்கும். மெக்கானிக் கிட்டத்தட்ட உள்ளே இறங்கி நின்று வேலை பார்க்கலாம். மூன்று லட்சம் மைல் ஓடியும் பிரிக்காத 300 என்பது அமெரிக்கக் கிராமப்புறத்தில் அதிசயமான பேச்சு இல்லை.

அந்த எஞ்சினைச் சுற்றியிருந்த மீதி வண்டி? தகரம் துருப்பிடிக்கும். கதவு தொங்கும். டாஷ்போர்டு வெடிக்கும். இத்தனையும் இருந்தும் ஓனருக்குத் திருப்தி. இந்தப் புள்ளியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

டிராக்டரின் இதயம்

இரண்டாவது உதாரணம் நமக்கும் கொஞ்சம் சொந்தக்காரன். 1989-ல் டாட்ஜ் தன் கனரகப் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் டர்போ டீசலைப் பொருத்தியது. 160 குதிரைசக்தி என்பது இன்றைக்குச் சாதாரணக் காரில் இருப்பது. ஆனால் 400 பவுண்டு-அடி முறுக்குவிசை அன்றைக்குப் பிக்கப் உலகத்தில் பெரிய சமாச்சாரம். கம்மின்ஸின் அந்த 'பி' வரிசை எஞ்சின், கேஸ் என்ற டிராக்டர் கம்பெனியோடு கூட்டாக, பண்ணை எந்திரங்களையும் நடுத்தர லாரிகளையும் மனதில் வைத்து வடிவமைத்தது. நாள் முழுக்க முழுச் சுமையில் ஓட வேண்டிய ஒன்றைத் தூக்கி, வாரத்துக்கு நாலு நாள் கால் சுமையில் ஓடும் பிக்கப்பில் வைத்தால் என்ன ஆகும்? அது சாகவே சாகாது.

இதே குடும்பத்து எஞ்சினைத்தான் 1990-களில் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. நம்ம நெடுஞ்சாலைகளில் ஓடிய எத்தனையோ டாடா லாரிகளின் முகப்பில் கம்மின்ஸ் பெயரைப் பார்த்திருப்பீர்கள். டெக்சாஸில் ஒரு பண்ணைக்காரர் தன் பழைய டாட்ஜைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது, சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு லாரி டிரைவருக்கு அது உடனே புரியும்.

அந்தப் பழைய, சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள கம்மின்ஸில் ஒரு பிரபலமான குறை உண்டு. டைமிங் கியர் பெட்டியைச் சரியான இடத்தில் உட்காரவைக்க ஒரு சின்ன எஃகு ஊசி இருக்கும். நாள்பட்ட அதிர்வில் அது மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, பல்சக்கரங்களுக்கு நடுவே விழுந்தால் கதை முடிந்தது. ஓனர்கள் அதற்குக் "கொலைகார ஊசி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தியம் என்ன? பக்கத்தில் இருக்கும் போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு வைத்து இறுக்கினால் ஊசி வெளியே வரமுடியாது. தகடு சல்லிக்காசு; கவரைத் திறந்து மூடும் நேரம்தான் செலவு.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த வண்டிகளின் நீண்டகால ஓனர்கள், குறையே தெரியாததால் திருப்தியாக இல்லை. குறையை மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். எது போகும், எப்போது போகும், போனால் என்ன செய்வது, எவ்வளவு ஆகும் என்று மனப்பாடமாகத் தெரியும். பெயர் தெரிந்த, மருந்து தெரிந்த வியாதிக்கு யார் பயப்படுவார்கள்?

கருத்துக்கணிப்பு வந்த கதை

சரி, இந்தத் திருப்தியை யாராவது அளந்திருக்கிறார்களா? அளக்க முயன்றவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் டேவிட் பவர். 1968-ல் கலிபோர்னியாவில் ஜே.டி. பவர் கம்பெனியைத் தொடங்கினார். பேர் வாங்கிக்கொடுத்தது மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் கார். அதன் ஓனர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது, 30,000 மைல் தாண்டியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எஞ்சினில் பெரிய பிரச்சினை, காரணம் ஒரு ரப்பர் வளையம் என்று தெரிந்தது. 1973-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியிட்டதும் கார் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தன. கம்பெனி சொல்வதைவிட ஓனர் சொல்வது முக்கியம் என்ற எண்ணம் அந்தத் தொழிலில் வேரூன்றியது இப்படித்தான்.

கவனியுங்கள்: அந்த வெற்றியே நேரம் கடந்து கேட்டதால் கிடைத்தது. வாங்கின மறுநாள் கேட்டிருந்தால் எல்லோரும் "அருமை" என்றிருப்பார்கள். ஆனால் பிற்பாடு பிரபலமான கணிப்பு எது? வண்டி வாங்கிய முதல் 90 நாளில் வந்த குறைகளை எண்ணும் ஆரம்பத் தரக் கணிப்பு, 1987-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த நம்பகத்தன்மைக் கணிப்புகூட இப்போது மூன்று வயது வண்டிகளைத்தான் பார்க்கிறது, 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று. அந்த எண்ணிக்கையில் எஞ்சின் மாற்றியதும் ஒரு பிரச்சினை, போனை புளூடூத்தில் இணைக்க முடியாததும் ஒரு பிரச்சினை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை கேட்கும் கேள்வி எனக்குப் பிடிக்கும்: எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால், இதே வண்டியை மறுபடி வாங்குவீர்களா? நேர்மையான கேள்வி. ஆனால் அதுவும் பெரும்பாலும் சில வயதே ஆன வண்டிகளைப் பற்றிய பதில்தான்.

பிக்கப்பின் வாழ்க்கையோ அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. முதல் ஓனர் ஐந்தாறு வருடத்தில் விற்பார். இரண்டாவது ஓனர் ஒரு தச்சராகவோ பெயிண்டராகவோ இருப்பார். மூன்றாவது ஓனர் அதைப் பண்ணையில் விறகு ஏற்ற வைத்திருப்பார். கேள்வித்தாள் முதல் ஆளோடு நின்றுவிடுகிறது. உண்மையான பரீட்சை மூன்றாவது ஆளிடம் நடக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது வருடம் ஒரு வண்டியை வைத்திருப்பவரிடம் போய்த் திருப்தியா என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் சொல்வார். பிடிக்காதவர்கள் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார்களே! அறுபதாம் கல்யாணத்துக்குப் போய், கல்யாணம் என்றாலே சந்தோஷம்தான் என்று முடிவு கட்டுவது மாதிரி. நானும் ஆரம்பத்தில் இந்தத் தப்பைச் செய்தேன்.

கோழி வரி

திருப்தி ஒரு ஒப்பீடும்கூட. எதோடு ஒப்பிட? 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. பதிலடியாக, அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் கையெழுத்திட்டு, 1964 ஜனவரியில் சில பொருட்களுக்கு 25 சதவீத வரி விதித்தார். உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, அதோடு இலகுரக லாரி. குறி முக்கியமாக ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் மேல். மற்ற வரிகள் காலப்போக்கில் போய்விட்டன, லாரி வரி மட்டும் போகவில்லை. இதற்கு இன்றுவரை "கோழி வரி" என்றே பெயர்.

விளைவு, கார் சந்தையில் ஜப்பான் புகுந்து விளையாடியபோது, ஃபுல்-சைஸ் பிக்கப் சந்தை ஃபோர்டு, ஜிஎம், கிரைஸ்லர் மூவர் கையிலேயே இருந்தது. அப்பா ஃபோர்டு என்றால் பிள்ளையும் ஃபோர்டு, பக்கத்து வீடு செவி. நம்ம ஊர் ரசிகர் மன்றம் மாதிரி. இந்த விசுவாசத்தில் எத்தனை பங்கு அனுபவம், எத்தனை பங்கு வேறு வழியில்லாமை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். டொயோட்டா 1993-ல் ஜப்பானில் செய்த டி100-ஐக் கொண்டுவந்தது. வரியும் கட்டவேண்டியிருந்தது, வி8 எஞ்சினும் இல்லை. 1999-ல் இண்டியானாவில் டன்ட்ரா, 2006-லிருந்து டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அதைவிடப் பெரிய டன்ட்ரா என்று அமெரிக்காவுக்குள்ளேயே ஃபேக்டரி போட்ட பிறகுதான் உண்மையான போட்டி என்று ஒன்று வந்தது.

அந்த டன்ட்ராவில் இரண்டு கதை இருக்கிறது. லூசியானாவில் ஒருவர், அவசரச் சரக்கு ஏற்றிச் செல்பவர், 2007 மாடல் டன்ட்ராவை ஒன்பது வருடத்தில் பத்து லட்சம் மைல் ஓட்டிவிட்டார். அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ். 2016-ல் டொயோட்டா அந்த வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு புது வண்டி கொடுத்து, பழையதைப் பிரித்து ஆராய்ந்தது. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே 2016-ல்தான் இன்னொன்றும் நடந்தது. டன்ட்ரா, டகோமா, செக்கோயா வண்டிகளின் அடிச்சட்டம் அரித்துப்போனது பற்றிய கூட்டு வழக்கில் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்றார்கள். 2000 முதல் 2003 வரையான டன்ட்ராக்களை 2009-லேயே, குளிர் மாநிலங்களில், அடிச்சட்ட அரிப்புக்காகத் திரும்ப அழைத்திருந்தார்கள். பனி உருக ரோட்டில் உப்புப் போடுகிற ஊர்களில் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிச்சட்டம் மொறுமொறு என்று உதிர்ந்தது. லூசியானாவில் உப்பும் இல்லை. நெடுஞ்சாலையில் சூடு ஆறாமல் ஒரே சீராக ஓடும் எஞ்சினுக்குத் தேய்மானமும் கம்மி. ஒரே பெயர்ப்பலகை, இரண்டு ஊர், இரண்டு தீர்ப்பு. வண்டி எப்படி என்று கேட்பவர்கள், எந்த ஊர் வண்டி என்றும் கேட்கவேண்டும்.

திருப்தி பார்க்காத பக்கம்

இதுவரை எழுதியதை இங்கேயே நிறுத்தியிருந்தால் சந்தோஷமான கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் ஜிஎம்மின் 1973 முதல் 1987 வரையான பிக்கப்புகளைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சதுர உடம்புக்காரன் என்று செல்லப்பெயர். இன்றைக்கு அமெரிக்காவில் பழைய பிக்கப் பிரியர்கள் உருகி உருகிப் புதுப்பிக்கிற வண்டி. எளிய எஞ்சின், எங்கேயும் கிடைக்கும் பார்ட்ஸ், அழகான நேர்கோடுகள். ஓனர் திருப்தி என்று தேர்தல் வைத்தால் முன்னணியில் நிற்கும்.

முந்தைய மாடல்களில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருந்தது. 1973-ல் அதை வெளியே எடுத்து, அடிச்சட்டத்துக்கு வெளிப்புறம், பக்கவாட்டில் வைத்தார்கள். ஒரு பக்கம் ஒன்று, வேண்டுமென்றால் இரண்டு. ஒரே நிரப்பலில் அதிக தூரம் போகலாம் என்பது ஓனருக்கு லாபம். ஆனால் பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் டேங்குக்கும் அதற்கும் நடுவே தகரம் மட்டும்தான். 1992-ல் என்பிசி தொலைக்காட்சி இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டது. மோதல் காட்சியில் தீப்பிடிப்பதை உறுதி செய்ய, வண்டிக்கு அடியில் தீமூட்டிகளை வைத்திருந்தது அம்பலமாகி, 1993 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அந்த அவமானத்தில் உண்மையான கேள்வியும் பின்னுக்குப் போனது. 1994 அக்டோபரில் போக்குவரத்துத் துறைச் செயலர் ஃபெடரிக்கோ பெனியா, இந்த வடிவமைப்பால் சுமார் 150 பேர் இறந்திருக்கிறார்கள் என்ற முடிவை அறிவித்தார். ஜிஎம்மோ, அன்றைய மோதல் விதிகளுக்கு வண்டி உட்பட்டதுதான் என்று வாதிட்டது. அதே டிசம்பரில் சமரசம்: திரும்ப அழைப்பு இல்லை, பாதுகாப்புத் திட்டங்களுக்கு ஜிஎம் 5.1 கோடி டாலருக்கு மேல் தரும்.

இருபது வருடம் அந்த வண்டியை ஓட்டி, ஒரு தடவையும் மோதாத ஓனரைக் கேட்டால் என்ன சொல்வார்? "என் வாழ்க்கையிலேயே சிறந்த வண்டி." அவர் பொய் சொல்லவில்லை. அவர் அனுபவம் அது. ஆனால் எரிந்துபோன வண்டியில் இருந்தவர் எந்தக் கேள்வித்தாளையும் நிரப்புவதில்லை. ஓனர் திருப்தி என்ற அளவுகோலில் என் நம்பிக்கை ஆட்டம் கண்டது இந்த இடத்தில்தான். வண்டி ஓனரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு அது நல்ல சாட்சி. வண்டி எப்படிப்பட்டது என்பதற்கு அது பாதி சாட்சிதான்.

பழசுதான் நல்லதா?

"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்று முடித்துவிடலாம். ஆனால் அது உண்மையில்லை. இன்றைய வண்டிகள் நீண்டகாலம் ஓடுகின்றன. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார், பிக்கப்புகளின் சராசரி வயது 2024-ல் 12.6 வருடம். 1970-களில் ஒரு லட்சம் மைல் என்பது முதுமை, இன்றைக்கு நடுவயது. நல்ல ஆயில், துல்லியமான எஞ்சின் வேலைப்பாடு, துருப்பிடிக்காத தகரம், எரிபொருள் இன்ஜெக்ஷன் எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

மாறியது வேறொன்று. பழைய வண்டி அடிக்கடி, சின்னதாக, மலிவாகக் கெட்டது. புதியது எப்போதாவது, பெரிதாக, செலவோடு கெடுகிறது. 2011-ல் எஃப்-150-க்கு இரட்டை டர்போ வி6 வந்தது. 2015-ல் உடம்பு முழுக்க அலுமினியமானது. துருக் கவலை போனது, ஆனால் ஒடுக்கு எடுக்கத் தனிக் கருவி, தனிப் பயிற்சி.

இதற்கு நடுவே ஒரு பாடம் இருக்கிறது. ஃபோர்டின் கனரகப் பிக்கப்புகளில் 7.3 லிட்டர் டீசல் 1994-லிருந்து 2003 வரை இருந்தது. வைத்திருப்பவர்கள் விடவே மாட்டார்கள். புகை விதி இறுகியதும் அதன் இடத்துக்கு 6.0 லிட்டர் வந்தது. ஹெட் கேஸ்கெட், புகை மறுசுழற்சிக் கூலர், ஆயில் கூலர் என்று வரிசையாகப் போயின. பெரிய வேலை என்றால் கேபினையே சட்டத்தில் இருந்து தூக்கிவிட்டுப் பார்ப்பது வழக்கமானது. ஃபோர்டும், எஞ்சினைச் செய்த நேவிஸ்டாரும் 2007-ல் கோர்ட்டுக்கே போனார்கள். ஆனால் கொஞ்ச வருடத்தில் தனியார் பட்டறைகள் எதெது போகும் என்று பட்டியல் போட்டு, வலுவான போல்ட், மாற்றுக் கூலர் எல்லாம் செய்து விற்றன. அதற்கு "புல்லட் ப்ரூஃப் பண்றது" என்றே பேர். அப்படிப் பண்ணி முடித்த ஓனர்கள் இன்றைக்கு அதே எஞ்சினைப் புகழ்கிறார்கள்! செலவழித்தவன் புகழாமல் என்ன செய்வான் என்று கேட்கலாம். அதுவும் உண்மைதான். ஆனாலும், குறையின் பெயர் தெரிந்து, வைத்தியமும் கைக்கு எட்டியபோதுதான் கோபம் அடங்கியது என்பதையும் பார்க்கவேண்டும்.

மறுபடி அந்த மீட்டருக்கே வருகிறேன். அமெரிக்கச் சட்டப்படி, வண்டியை விற்கும்போது மீட்டர் அளவை எழுத்தில் தரவேண்டும். ஆனால் பத்து வயது தாண்டிய வண்டிக்கு விலக்கு இருந்தது. பத்து வயதானால் அதற்கு ஆயுள் முடிந்தது, மைல் என்னவானால் என்ன என்கிற எண்ணம். 2021-லிருந்து, 2011 மாடலும் அதற்குப் பிந்தையவையும் என்றால் இருபது வயது வரை எழுதித்தரவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஓனர்கள் ஐந்து இலக்க மீட்டரைச் சுற்றவிட்டுக் காட்டியதைச் சட்டம் ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு படித்த பிறகு, பழைய பிக்கப் வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடிந்தால் "திருப்தியா?" என்று கேட்க மாட்டேன். "இதுல நீங்களே கழட்டி மாட்டினது என்னென்ன?" என்று கேட்பேன். பதில் நீளமாக வந்தால், அந்த வண்டி இன்னும் பல வருடம் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும்.